"இன்னைக்கு எவ்வளவு, அண்ணாச்சி?"

காலை நடை முடிந்து சிமெண்ட் பெஞ்சில் உட்காரும் எங்கள் வயதுக்காரர்களிடம் ஒரு புதுப் பழக்கம் வந்திருக்கிறது. முன்பெல்லாம் "காப்பி ஆச்சா?" என்று கேட்டுக்கொள்வோம். இப்போது, "இன்னைக்கு எவ்வளவு, அண்ணாச்சி?" என்பதுதான் முதல் கேள்வி. எவ்வளவு என்றால் பி.பி. எவ்வளவு என்று பொருள். ஒருவர் "நூற்று முப்பது, எண்பது" என்பார், பேரன் பத்தாம் வகுப்பில் வாங்கிய மார்க்கைச் சொல்லுகிற பெருமையோடு. இன்னொருவர் "நூற்று அறுபது" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொள்வார். மறுநாள் இரண்டு பேரின் எண்ணும் இடம் மாறியிருக்கும். பெருமையும் குனிவும் கூடவே இடம் மாறும்.

இந்தக் கேள்வியே சரியில்லை என்பது என் கட்சி. ஒரு நாள் எண்ணை வைத்துக்கொண்டு சந்தோஷப்படவும் வேண்டாம், பயப்படவும் வேண்டாம். கேட்க வேண்டிய கேள்விகள் வேறு இரண்டு. உங்கள் ரத்த அழுத்தம் எங்கிருந்து எங்கே வரை ஏறி இறங்குகிறது? இதுவரை அது உள்ளே எதையாவது தொட்டிருக்கிறதா? இந்த இரண்டையும் எங்கள் பெஞ்சில் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. டாக்டரிடமும் நாம் கேட்பதில்லை. அறுபது பேர் வெளியே காத்திருக்கும்போது டாக்டரும் தானாகச் சொல்வதில்லை. அவரைக் குறை சொல்லவில்லை, அவருக்கு நேரம் இல்லை.

நான் டாக்டர் இல்லை. 33 வருடம் குடிநீர்க் குழாய்களோடு குடித்தனம் நடத்தியவன். தாமிரபரணியில் உறைகிணறு, அங்கிருந்து பம்பிங் மெயின், மேட்டில் ஒரு தொட்டி, தொட்டியிலிருந்து ஊர் ஊராகக் கிளைக்குழாய் என்று பிழைப்பு ஓடியது. அழுத்தம் என்றால் என்ன, அது குழாயை என்ன செய்யும் என்பது மட்டும் கொஞ்சம் தெரியும். அதனால் அந்த வழியாகவே இந்த விஷயத்துக்குள் நுழைகிறேன்.

பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போது குழாய் உடைவது அபூர்வம். ஒரே சீராக அழுத்தம் இருந்தால், கொஞ்சம் அதிகமாகவே இருந்தாலும், நல்ல குழாய் தாங்கும். கரண்ட் போகிற நொடிதான் ஆபத்து. பம்ப் சட்டென்று நிற்கும், மேட்டுக்குப் போய்க்கொண்டிருந்த தண்ணீர் திரும்பி ஓடி வரும், நான்ரிட்டர்ன் வால்வ் படாரென்று மூடும், அந்த அடி குழாய் நெடுக அலையாகப் போகும். வாட்டர் ஹேமர் என்போம். பெயர் பொருத்தமானது, சம்மட்டி அடிதான். அந்த அடியில் பம்ப் ஹவுஸ் வாசலில் எதுவும் உடையாது. 4 கிலோமீட்டர் தள்ளி, ஓடைக்குக் கீழே போகிற ஏதோ ஒரு பழைய ஜாயிண்ட்டில் கசிய ஆரம்பிக்கும். ஆறு மாதம் யாருக்கும் தெரியாது. தரை ஈரமாகப் புல் முளைத்த பிறகுதான் ஆடு மேய்க்கிறவர் வந்து சொல்வார்.

இதைத் தடுக்க மெயினில் ஒரு ஏர் வெஸல் வைப்பார்கள். பாதி தண்ணீர், பாதி காற்று அடைத்த இரும்புக் கலம். அடி வரும்போது காற்று சுருங்கி அதை வாங்கிக்கொள்ளும், பிறகு மெதுவாகத் திருப்பித் தரும்.

நம் உடம்பிலும் இதே ஏற்பாடு இருக்கிறது. இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயான அயோர்ட்டா ரப்பர் மாதிரி இழுபடக்கூடியது. இதயம் ஒவ்வொரு தடவை சுருங்கும்போதும் அது விரிந்து அடியை வாங்கிக்கொள்கிறது, இதயம் ஓய்வெடுக்கும்போது சுருங்கி ரத்தத்தைத் தள்ளுகிறது. குதிரையின் ரத்தக்குழாயில் கண்ணாடிக் குழாயைச் செருகி, ரத்தம் 8 அடிக்கு மேல் ஏறி நிற்பதைப் பார்த்தவர் ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார். 1733இல் அதைப் புத்தகமாக வெளியிட்டார். அந்தக் காலத் தீயணைப்பு வண்டிகளில் இருந்த காற்றுக் கலத்தோடு ரத்தக்குழாயை ஒப்பிட்டவரும் அவரே. பிறகு 1899இல் ஓட்டோ ஃப்ராங்க் என்ற ஜெர்மானியர் இதைக் கணக்காகவே போட்டார். 'விண்ட்கெஸ்ஸல்' என்று பெயர். ஜெர்மன் மொழியில் காற்றுக் கலம் என்று அர்த்தம். ஓய்வு பெற்ற பிறகு இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. எத்தனை ஏர் வெஸலுக்கு எஸ்டிமேட் போட்டிருப்பேன், ஒன்றை நெஞ்சுக்குள்ளேயே வைத்துக்கொண்டு!

வயதானால் இந்தக் கலம் விறைத்துப்போகிறது. ரப்பர், தோல் மாதிரி ஆகிவிடுகிறது. அடியை வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. அதனால்தான் நம் வயதில் மேலே உள்ள அளவு ஏறிக்கொண்டும் கீழே உள்ளது இறங்கிக்கொண்டும் போகிறது. 120/80 ஆக இருந்தவர் 160/70 ஆகிறார். "கீழே உள்ளது நல்லாத்தானே இருக்கு" என்று நம்மாட்கள் ஆறுதல் சொல்லிக்கொள்வார்கள். இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி அகன்றுபோவதே குழாய் விறைத்ததற்கு அடையாளம்.

வாங்கிக்கொள்ளப்படாத அடி எங்கே போகிறது? கடைக்கோடி வரை போகிறது. முக்கியமாக மூளைக்கும் சிறுநீரகத்துக்கும். இந்த இரண்டு உறுப்புகளும் இருபத்து நான்கு மணி நேரமும் ஏராளமான ரத்தம் கேட்பவை. அதற்காகவே அவற்றின் வாசலில் தடுப்பு குறைவாக வைக்கப்பட்டிருக்கிறது. ஊரில் மற்ற தெருக்களுக்கெல்லாம் வால்வை ஒரு திருகு மூடி வைத்துவிட்டு, இரண்டு தெருவுக்கு மட்டும் முழுக்கத் திறந்துவிட்டது போல. சாதாரண நாளில் அந்தத் தெருக்காரர்களுக்குக் கொண்டாட்டம். அடி வரும் நாளில் முதலில் அடி வாங்குவதும் அவர்களே.

இனி அளவெடுக்கும் விஷயம். பம்ப் ஹவுஸில் ஒரு பதிவேடு உண்டு. மணிக்கு ஒரு முறை பிரஷர் காஜைப் பார்த்து எழுத வேண்டும். நான் பார்த்த ஒரு பம்ப் ஹவுஸில் 24 கட்டத்திலும் '8.0' என்று ஒரே கையெழுத்தில், ஒரே மையில் எழுதியிருந்தது, ஒரு மாதத்துக்கு. காஜின் முள் உடைந்து எத்தனை நாளாயிற்று என்று யாருக்கும் தெரியாது. நம் மருத்துவச் சீட்டுகளில் வரிசையாக '130/80', '130/80', '140/90' என்று இருப்பதைப் பார்க்கும்போது எனக்கு அந்தப் பதிவேடு நினைவுக்கு வரும். உடம்பு அப்படிப் பூஜ்யத்தில் பூஜ்யத்தில் வந்து நிற்காது. 127, 134, 143 என்றுதான் இருக்கும். சட்டைக் கைக்கு மேலேயே பட்டையைச் சுற்றி, பேசிக்கொண்டே எடுத்து, கிட்டத்தட்ட எண்ணை முழுமையாக்கி எழுதிய ஒன்று, மூன்று மாதத்துக்கான நம் தலையெழுத்தாகிவிடுகிறது.

டாக்டர் முன்னால் எடுப்பதில் இன்னொரு சங்கடம் உண்டு. 1983இல் இத்தாலியில் மான்சியா என்பவரும் அவருடன் இருந்தவர்களும் 48 பேருக்கு ரத்தக்குழாய்க்குள்ளேயே கருவியை வைத்து, டாக்டர் அறைக்குள் வந்து பி.பி. எடுக்கும்போது என்ன ஆகிறது என்று பார்த்தார்கள். மேல் அளவு சராசரியாக 27 வரை எகிறியது. டாக்டர் வந்து நின்றதைத் தவிர வேறு எதுவும் நடக்கவில்லை. வெள்ளைக் கோட்டுப் பயம் என்று இதைத்தான் சொல்கிறார்கள். இதற்கு நேர்மாறான கூட்டமும் உண்டு. டாக்டரிடம் 128, வீட்டில் 150. முதல் வகையினர் தேவைக்கு மேல் மாத்திரை சாப்பிட நேரலாம். இரண்டாம் வகையினரோ நலமாக இருப்பதாக நினைத்துக்கொண்டே உள்ளுக்குள் தேய்கிறார்கள். இவர்களை நினைத்துத்தான் எனக்குக் கவலை.

எங்கள் பெஞ்சில் ஒரு ஓய்வு பெற்ற வாத்தியார் இருக்கிறார். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை டாக்டரிடம் போவார். எப்போதும் நல்ல அளவு. ரகசியம் என்னவென்றால், டாக்டரிடம் போவதற்கு ஒரு வாரம் முன்பு மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட ஆரம்பிப்பார், வந்த பிறகு நிறுத்திவிடுவார். "நார்மல்னு சொல்லிட்டாரே, அப்புறம் எதுக்கு?" என்பார். முப்பது வருடம் பரீட்சைக்கு முந்தின நாள் மட்டும் படிக்கிற பையன்களைத் திட்டியவர். கண்புரை அறுவைக்குப் போன இடத்தில் 196/94 என்று வந்து, அறுவையைத் தள்ளி வைத்துவிட்டார்கள். கண்ணுக்குள் பார்த்தவர்தான் முதலில் கண்டுபிடித்தது: விழித்திரையில் ரத்தக்குழாய்கள் குறுகி, சில இடத்தில் ஒன்றன்மேல் ஒன்று அழுந்திக் கிடந்தன. உடம்பில் ரத்தக்குழாயை வெட்டாமல், ஊசி குத்தாமல் நேரில் பார்க்கக்கூடிய ஒரே இடம் கண். அதற்கென்று நான்கு படிநிலை வகுத்து 1939லேயே எழுதி வைத்துவிட்டார்கள். வாத்தியாருக்குப் பிறகு எக்கோ எடுத்தார்கள். இதயத்தின் இடது அறைச் சுவர் தடித்திருந்தது. சிறுநீரில் புரதம் போய்க்கொண்டிருந்தது. இத்தனைக்கும் மனிதருக்கு ஒரு தலைவலி கிடையாது, மயக்கம் கிடையாது. தினமும் 5 கிலோமீட்டர் நடப்பவர்.

இதயச் சுவர் தடிப்பதைப் பலர் பலம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். மூட்டை தூக்குகிறவருக்குத் தோள் திரள்வது போல என்று ஒருவர் என்னிடமே சொன்னார். அப்படி இல்லை. தடித்த சுவர் விறைப்பாக இருக்கும். சுருங்குவதில் குறை தெரியாது, விரிந்து ரத்தத்தை வாங்கிக்கொள்வதில்தான் தகராறு. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதை நாம் வயசு என்று சொல்லி ஒதுக்கிவிடுகிறோம்.

வயசு என்றதும் நினைவுக்கு வருகிறது. "நூறோடு வயசைக் கூட்டிக்கோ, அதுதான் உன் பி.பி." என்று ஒரு கணக்கு இன்னமும் உலவுகிறது. அதன்படி எழுபதில் 170 இருக்கலாம். குழாய் தடித்தால் ரத்தத்தைத் தள்ள அதிக அழுத்தம் தேவைதானே, அதைக் குறைப்பது தப்பு என்று ஒரு காலத்தில் பெரிய டாக்டர்களே நம்பினார்கள். அந்த நம்பிக்கையின் காலத்தில் வாழ்ந்தவர் அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட். 1937இல் 162/98, 1941இல் 188/105. அவருடைய சொந்த டாக்டர் காது மூக்கு தொண்டை நிபுணர். 1944 மார்ச்சில் ஒரு இதய நிபுணர் முதல் முறையாக முழுதாகச் சோதித்தபோது 186/108, இதயம் பெருத்து ஏற்கெனவே தளர ஆரம்பித்திருந்தது. அதற்குப் பிறகும் தேர்தலில் நின்று ஜெயித்து, யால்டா மாநாட்டுக்குப் போய்வந்து, 1945 ஏப்ரல் 12 அன்று தலை பயங்கரமாக வலிக்கிறது என்று சொல்லிச் சாய்ந்தார். அப்போது எடுத்த அளவு 300/190. வயது 63. நம் பெஞ்சில் அவர்தான் இளையவராக இருந்திருப்பார். உலகப் போரையே நடத்தியவருக்குக் கொடுக்க அன்று உருப்படியான மாத்திரை ஒன்று கிடையாது. நம்மூர் சர்ப்பகந்தி வேரைப் பற்றிப் பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜால் வகீல் பிரிட்டிஷ் இதழில் எழுதி உலகம் திரும்பிப் பார்த்ததே 1949இல்.

அந்தக் கூட்டல் கணக்கை 1991இல் வந்த ஒரு பெரிய ஆய்வு முடித்து வைத்தது. 60 வயதுக்கு மேற்பட்ட, மேல் அளவு மட்டும் கூடியிருந்த 4,736 பேர். மாத்திரை சாப்பிட்டவர்களுக்குப் பக்கவாதம் 36 சதவீதம் குறைந்தது. 80 வயதுக்கு மேல் மாத்திரை வேண்டுமா என்ற கேள்விக்கும் 2008இல் பதில் வந்துவிட்டது, வேண்டும் என்று. ஆனால் அதில் அவர்கள் வைத்த இலக்கு 150/80. தள்ளாத வயதில் 120க்குக் கீழே இறக்கியே தீருவேன் என்று நிற்பதற்கு அந்த ஆய்வைச் சாட்சிக்குக் கூப்பிட முடியாது.

ஏற்ற இறக்கத்துக்கு வருகிறேன். அழுத்தம் மாறுவதே நோய் அல்ல. தூங்கும்போது 10 முதல் 20 சதவீதம் இறங்க வேண்டும், விடியற்காலையில் ஏற வேண்டும். இரவில் இறங்காதவர்களுக்குத்தான் இதயமும் சிறுநீரகமும் அதிகம் கெடுகின்றன. காலையில் அளவுக்கு மீறி எகிறுகிறவர்களுக்குப் பக்கவாதம் அதிகம் என்று 2003இல் ஜப்பானில் கண்டார்கள். அவர்களில் பலருக்கு மூளையில், அவர்களுக்கே தெரியாமல், சின்னச் சின்ன அடைப்புகள் ஏற்கெனவே இருந்தன. இவை வாயைக் கோணச் செய்வதில்லை. நடை கொஞ்சம் சிறுத்துப்போகும், பெயர்கள் மறக்கும், முன்கோபம் வரும். வீட்டில் "தாத்தாவுக்கு வயசாயிட்டுது" என்று முடித்துவிடுவார்கள்.

2010இல் ஆக்ஸ்ஃபோர்டின் பீட்டர் ராத்வெல் வெளியிட்ட கணக்கு என்னைக் கொஞ்சம் உலுக்கியது. ஒரு முறை லேசான பக்கவாத அறிகுறி வந்து தப்பியவர்களை எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு வருகையிலும் அளவு மிக அதிகமாக ஏறி இறங்கியவர்களுக்கு, மிகக் குறைவாக மாறியவர்களைவிட ஏறக்குறைய 6 மடங்கு பக்கவாத அபாயம், சராசரி அளவு என்னவாக இருந்தாலும். நாமோ, போன தடவை 165, இந்தத் தடவை 130 என்றால் "போன தடவை ஏதோ டென்ஷன்" என்று முந்தையதை அடித்துவிட்டுப் பிந்தையதை வைத்துக்கொள்கிறோம். அந்த 165ஐத் தூக்கி எறியாதீர்கள். அதுவும் உங்களுடையதே.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஏற்ற இறக்கமே உறுப்புகளைக் கெடுக்கிறதா, இல்லை ஏற்கெனவே விறைத்துப்போன குழாயின் அடையாளம்தான் ஏற்ற இறக்கமா என்று நிபுணர்களே இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். குழாய்க்காரன் என்ற முறையில் என் அபிப்பிராயம், இரண்டும் உண்மை, ஒன்று மற்றதை வளர்க்கும் என்பது. எப்படியானாலும் சராசரியைக் குறைப்பதுதான் முதல் வேலை. அதில் சந்தேகம் வேண்டாம்.

நம் வயதில் இந்த ஆட்டத்துக்குப் பெரும்பாலான காரணங்களை நாமே சட்டைப் பையில் வைத்திருக்கிறோம். முதலாவது, விட்டு விட்டு மாத்திரை சாப்பிடுவது. அம்லோடிபின் உடம்பில் நின்று மெதுவாகக் கழிகிற மருந்து, ஒரு வேளை தவறினால் தள்ளாட விடாது. எல்லா மருந்தும் அப்படி அல்ல. சிலவற்றைச் சட்டென்று நிறுத்தினால் பழைய அளவைவிட மேலே துள்ளும், குளோனிடின் அதில் மோசம். காலையில் சாப்பிடுவதா இரவிலா என்று எங்கள் பெஞ்சில் இரண்டு கட்சி உண்டு. பிரிட்டனில் 21,104 பேரை வைத்துப் பார்த்து, இரண்டும் ஒன்றே என்று 2022இல் சொல்லிவிட்டார்கள். மறக்காமல் எந்த நேரத்தில் சாப்பிட முடியுமோ அதுவே நல்ல நேரம். இப்போது சமணப்பள்ளியில் 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. வாங்கி அலமாரியில் அடுக்குகிறவர்களையும் பார்க்கிறேன்.

இரண்டாவது, முழங்கால் வலி மாத்திரை. மருந்துக் கடையில் பெயர் சொல்லாமலே "வலிக்கு ஒண்ணு குடுங்க" என்று வாங்கிப் போட்டுக்கொள்கிறோமே, டைக்ளோஃபெனாக் வகை, அது அழுத்தத்தையும் ஏற்றும், சிறுநீரகத்தையும் நேராக அடிக்கும். பி.பி. மாத்திரையின் வேலையை வலி மாத்திரை கெடுத்துக்கொண்டிருக்க, பி.பி. மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போன குடும்பங்கள் எனக்குத் தெரியும். மூன்றாவது உப்பு. ஊறுகாய், அப்பளம், கூழ்வற்றல், மோர் மிளகாய், கருவாடு. இதைப் பற்றி எழுதினால் வீட்டில் சாப்பாடு கிடைக்காது, விட்டுவிடுகிறேன்.

எண் கூடிவிட்டது என்றதும் தானாக ஒரு மாத்திரையைக் கூடப் போட்டுக்கொள்வதை மட்டும் தயவு செய்து செய்யாதீர்கள். ஒரு காலத்தில் நிஃபெடிபின் குளிகையைக் குத்தி நாக்குக்கு அடியில் விடுவார்கள். பத்து நிமிடத்தில் 200 என்பது 140 ஆகும். பார்ப்பவர்களுக்கு மாயாஜாலம் மாதிரி இருக்கும். அப்படிச் சட்டென்று இறக்கியதில் பலருக்கு மூளைக்கும் இதயத்துக்கும் ரத்தம் போதாமல் பக்கவாதமும் மாரடைப்பும் வந்தன. 1996இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்று இந்தப் பழக்கத்தையே நிறுத்த வேண்டும் என்று எழுதியது. வால்வைப் படாரென்று திறப்பதும் படாரென்று மூடுவதும் குழாய்க்கு ஒன்றுதான். ஆனால் எண் கூடியிருப்பதோடு நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், வாய் குழறல், கைகால் மரத்துப்போதல், பார்வை மங்கல் ஏதாவது இருந்தால் மறுபடி அளந்துகொண்டிராமல் 108ஐக் கூப்பிடுங்கள்.

வீட்டில் ஒரு மெஷின் வாங்கி வைப்பது வீண் செலவு என்று நான் நினைக்கவில்லை. கையின் மேற்புறத்தில் சுற்றுகிற வகை வேண்டும், மணிக்கட்டு வகை வேண்டாம். கை பருத்தவர்கள் பெரிய பட்டை கேட்டு வாங்குங்கள், சின்னப் பட்டை அளவைக் கூட்டிக் காட்டும். காப்பி குடித்து அரை மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்ந்து, பாதம் தரையில் பட, ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்து, கையை நெஞ்சு உயரத்தில் மேஜைமேல் வைத்து, பேசாமல் எடுக்க வேண்டும். பேசாமல் என்பது எங்கள் வீட்டில் கஷ்டம். "கேஸ் தீந்துட்டுதா பாருங்க" என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தால் 10 கூடிவிடும்.

காலையில் மாத்திரைக்கு முன் இரண்டு தடவை, மாலையில் இரண்டு தடவை, ஏழு நாள். முதல் நாளைக் கழித்துவிட்டு மற்றவற்றின் சராசரி. அது 135/85க்குக் கீழே இருக்க வேண்டும். இதை டாக்டரிடம் போவதற்கு முந்தைய வாரம் செய்தால் போதும். தினமும் பதினைந்து தடவை எடுத்து மனைவியை மிரட்டுகிறவர்களும் இருக்கிறார்கள், மெஷினைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டுவதே அவர்களுக்கு வைத்தியம். சராசரியோடு, மிக அதிகமானது எது, மிகக் குறைவானது எது என்றும் எழுதிக்கொண்டு போங்கள். கையெழுத்துப் புரிகிற மாதிரி.

இதோடு, உட்கார்ந்து எடுத்த பிறகு எழுந்து நின்று, ஒரு நிமிடத்திலும் மூன்று நிமிடத்திலும் ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். மேல் அளவு 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால் டாக்டரிடம் சொல்ல வேண்டும். இரவில் கழிப்பறைக்கு எழுந்து விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டவர்களில் இந்த வகையினர் உண்டு. ஏற்றத்தைப் பற்றி மட்டும் பேசி இறக்கத்தை விட்டுவிடக் கூடாது.

இரண்டாவது கேள்விக்கு, அதாவது உள்ளே எதையாவது தொட்டிருக்கிறதா என்பதற்கு, பெரிய செலவில்லை. ஈ.சி.ஜி., கண் பரிசோதனை, ரத்தத்தில் கிரியாட்டினின், சிறுநீரில் ஆல்புமின். இதில் கடைசியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். சர்க்கரை உள்ளவர்களுக்காவது சிலர் எழுதித் தருகிறார்கள், பி.பி. மட்டும் உள்ளவர்களுக்கு அநேகமாக இல்லை. "கிரியாட்டினின் 1.0, கிட்னி நல்லா இருக்கு" என்று முடித்துவிடுவார்கள். கிரியாட்டினின் தாமதமாக வருகிற செய்தி. சிறுநீரகத்தின் வேலைத் திறன் பாதிக்குப் பாதி போகும்வரைகூட அது நல்ல பிள்ளையாக இருக்கும். வடிகட்டியில் ஓட்டை விழத் தொடங்கியதைச் சொல்வது ஆல்புமின். தரையில் புல் முளைப்பதற்கு முன்பே காட்டிக் கொடுத்துவிடும்.

எனக்கு அது 68 வந்தது. 30க்குக் கீழே இருக்க வேண்டும். கிரியாட்டினின் அப்போது அப்பழுக்கில்லாமல் 1.0. வீட்டு அளவுகளை எழுதிக்கொண்டு போயிருந்தேன், காலையில் 150ஐ ஒட்டி, மாலையில் 120ஐ ஒட்டி. டாக்டர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். சிறுநீரகத்துக்கு இதமான வகையில் ஒரு மாத்திரையை மாற்றினார், பொட்டாசியம் பார்க்கச் சொன்னார். எட்டு மாதத்தில் 68 என்பது 31 ஆயிற்று. இதயச் சுவர் தடிப்பும் ஆரம்ப நிலையாக இருந்தால் மருந்தில் குறையும் என்கிறார்கள். வாத்தியாரின் அடுத்த எக்கோவுக்குக் காத்திருக்கிறோம்.

சிறுநீர்ச் சோதனைக்குப் போகிறவர்களுக்கு: சாதாரண யூரின் டெஸ்ட் என்று எழுதிக் கொடுத்தால் அதில் ஆரம்ப நிலை தெரியாது. ஆல்புமின் கிரியாட்டினின் விகிதம் என்று கேளுங்கள், லேபில் ஏ.சி.ஆர். என்பார்கள். காலையில் எழுந்ததும் போகிற முதல் சிறுநீர் நல்லது. காய்ச்சலோ நீர்க்கடுப்போ இருந்தால், முந்தின நாள் கடுமையாக உழைத்திருந்தால், அது தணிந்த பிறகு கொடுங்கள். ஒரு தடவை கூடுதலாக வந்துவிட்டால் கலங்க வேண்டாம். அடுத்த சில மாதங்களில் இன்னும் இரண்டு தடவை எடுத்து, மூன்றில் இரண்டு கூடியிருந்தால்தான் கணக்கில் எடுப்பார்கள். ரிப்போர்ட்டை வீட்டில் மடித்து வைக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள். அவர் அவசரத்தில் புரட்டிவிட்டால், அந்தப் பக்கத்தை விரலால் தொட்டுக் காட்டுங்கள்.